கோடு வேண்டாத கையி

"ஏனுங்க்கா, கோடு போடாம உங்குளுக்கு ஒரு எல கூட வராதுங்களா?"

மௌனிகா இதக் கேட்டதும் ஆபீஸே சிரிச்சுது. ஆபீஸுன்னா பெருசா நெனச்சுக்காதீங்க. சிங்காநல்லூர்ல ஒரு மாடி, கொஞ்சம் கம்ப்யூட்டரு, ஓயாத ஏசி. நகை டிசைன் பண்ற எடம். கம்ப்யூட்டருக்குள்ளயே களிமண்ணப் பெசையற மாதிரி பெசஞ்சு மயிலு, மாங்கா எல்லாம் செஞ்சுபோட்டு, அத மெழுகுல எடுத்து, அப்பறம் தங்கத்துல வார்ப்பாங்க.

சித்திகா அங்க சீனியரு. எதுக்கும் மொதல்ல 'கர்வ்'னு ஒரு வளைகோடு போட்டுக்குவாங்க. புள்ளியப் புடிச்சு இழுத்து, வளச்சு, தலையச் சாச்சுப் பாத்து, மனசுக்குப் புடிச்ச பொறகுதான் அந்தக் கோட்டு மேலயே பிரஷ்ஷ ஓட விடுவாங்க. தண்டவாளத்துல ரயிலு போறாப்புல ஒரே சீராப் போகும்.

"கஸ்டமரு நாளைக்கு வந்து மயில் கழுத்தக் கொஞ்சம் சாய்ங்கம்பாங்க. கோடு இருந்தா ஒரு புள்ளிய நகத்துனாப் போதும் கண்ணு."

மௌனிகாவுக்கு அந்தப் பொறுமையெல்லாம் ஆவாது. கம்ப்யூட்டருல வரையற பேனாவ எடுத்தா ஒரே இழுப்பு. பள்ளிக்கூடத்துலயே ஸ்கேலு வெக்காம மார்ஜின் போட்டவ. அதுக்கு டீச்சர்கிட்ட அடி வாங்குனதக் கூட அன்னூர்ல அவங்கம்மா ஊட்டுக்கு வர்ற சனத்துக்கெல்லாம் பெருமையாச் சொல்லுவாங்க. குடுத்த காப்பி ஆறிப்போயிரும், கத முடியாது. அத விடுங்க.

அன்னிக்குக் கிணத்துக்கடவுல இருந்து கல்யாணப் பொண்ணு அக்ஷிதா வர்றா, ஆரத்துக்கு மயிலு பாக்க. யாரு மயிலு புடிக்குதோ அவங்களுக்குத்தான் கல்யாண செட்டு முழுசும்னு மொதலாளி திருமூர்த்தி சொல்லிப்போட்டாரு. மௌனிகாவுக்கு அப்படி ஒரு செட்டு கையில கெடச்சதே இல்ல. எப்படியாவது வாங்கிப்புடோணும்.

"பொண்ணு முன்னாலயே வரையறமுங்க சார். கோடு கிடையாது, வெறுங்கையி. மெஷினையும் மாத்திக்கலாமுங்க. அக்கா மெஷின்ல கோடெல்லாம் முன்னாலயே போட்டு வெச்சிருப்பாங்க."

சித்திகா மொகம் மாறிப்போச்சு.

"கோடு வேண்டாம்னாச் சரி. மெஷின மட்டும் மாத்த வேண்டாம் கண்ணு."

"ஏனுங்க்கா, பயமா?"

"பயந்தான்."

அக்கா வசமா மாட்டிக்கிட்டாங்கன்னு மௌனிகாவுக்கு ஒரே குசி. மொதலாளியும் மாத்துங்கன்னுட்டாரு.

பொண்ணும் அவங்கம்மாளும் வந்தாங்க. வந்ததும் அந்தம்மா சொல்லிருச்சு, "மயிலுன்னா மயிலாட்டம் இருக்கோணுமுங்க. வேற ஒரு கடையில காமிச்சது கின்னிக்கோழி."

எடம் மாறி உக்காந்தாங்க. உக்காந்த ஒடனே சித்திகா ஸ்கிரீன்ல என்னமோ ஒண்ணத் தட்டுனாங்க. மௌனிகா ஓரக்கண்ணுல பாத்துப்போட்டா. எம்மெஷின்லயே திருட்டு வேலையான்னு நெனச்சுக்கிட்டே பேனாவ எடுத்து மயில் கழுத்த இழுத்தா.

நெளிஞ்சுது. அழிச்சுப்போட்டு மறுக்கா இழுத்தா. மண்புழுவாட்டம் வந்துச்சு.

"ஏங்கண்ணு, மயிலுக்குக் காச்சலா?"ன்னாங்க பொண்ணோட அம்மா.

மௌனிகாவுக்குக் காது ரெண்டும் சூடாயிருச்சு. அந்தப் பக்கம் பாத்தா, அக்கா இழுத்த கழுத்து எண்ண ஊத்துனாப்புல வழிஞ்சு நிக்குது. தட்டுன தட்டுல எல்லாம் இருக்குதுன்னு இவளுக்கு வவுறு எரியுது.

அதுக்குள்ள சித்திகா எந்திரிச்சு வந்துட்டாங்க.

"எம்மெஷினு பழசுங்கம்மா. புதுக் கையப் பாத்தா இப்படித்தான் மெரளும்."

சொல்லிக்கிட்டே குனிஞ்சு ஸ்கிரீன்ல ஒரு சின்னக் கட்டத்துல டிக் போட்டாங்க. "இப்ப இழு கண்ணு."

இழுத்தா. வந்துச்சு பாருங்க தோகை. ஒவ்வொரு பீலியும் ஒரே இழுப்பு, பழைய மௌனிகா. பாத்துக்கிட்டிருந்த பொண்ணு எந்திரிச்சே நின்னுட்டா.

"அந்தக்கா போட்ட கழுத்து, இந்தக்கா போட்ட தோகை. ரெண்டையும் ஒண்ணாச் சேத்துத் தாங்க."

மொதலாளி சிரிச்சுப்போட்டாரு. "அப்ப செட்ட ரெண்டு பேரும் சேந்தே பண்ணுங்க."

பொண்ணு ஊட்டுக்காரங்க கெளம்புனதும் மௌனிகா புடிச்சுக்கிட்டா. "அக்கா, என்னத்த டிக் பண்ணுனீங்க?"

"அது கை நடுக்கத்தத் தாங்கிக்கறது. பிரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர் வெக்கறமல்ல, அந்த மாதிரி கைக்கு. கோடு தன்னால சீராயிரும். நான் கர்வ் போட்டே வேல செய்யறதால எம்மெஷின்ல எப்பவும் ஆஃப்லதான் கெடக்கும்."

"அதானே பாத்தேன். எனக்கெதுக்குங்க அதெல்லாம்? எம்மெஷினுக்கு வாங்க காட்டறேன், வெறுங்கையில."

தன்னோட எடத்துல போயி உக்காந்தா. பேனாவ எடுத்தா. ஒரே இழுப்பு.

மண்புழு.

மறுக்கா இழுத்தா. அதே மண்புழு.

"அக்கா, உங்க மெஷினு காச்சலு இதுக்கும் ஒட்டிக்கிச்சுங்க."

சித்திகா நாக்கக் கடிச்சுக்கிட்டாங்க. "அடடா, நான் வரையறதுக்காக உம்மெஷின்ல இருந்தத ஆஃப் பண்ணிப்போட்டு, திருப்பி ஆன் பண்ண மறந்துட்டேன் கண்ணு. நீ வேலைக்குச் சேந்த அன்னிக்குக் கையெல்லாம் நடுங்குச்சேன்னு நாந்தான் அத ஆன் பண்ணிவிட்டேன்."