எங்கேயும் கடிக்காத பூட்ஸ்

என் கடையின் மரச்சரிவில் வெர்லின் மெல்ல இறங்கி வருகிறார். சனிக்கிழமை மான் வேட்டை தொடங்குகிறது. இந்தச் சரிவில் நடக்கவிடாமல் நான் யாருக்கும் பூட்ஸ் விற்பதில்லை. இங்கே விரல் முட்டினால் மலை இறக்கத்தில் நகமே போய்விடும். ஜன்னலில் பனி வெளிச்சம். புதுத் தோல் கிறீச்சிடுகிறது. அவர் மனைவி ஆர்டிஸ் பழைய பூட்ஸை மடியில் வைத்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"எங்கயாவது கடிக்குதா?" என்கிறேன்.

"ம்ஹூம். அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு."

"மூணு ஜோடிக்கும் இதே பாட்டுதான். சர்க்கரை வியாதிக் காலுங்க, அவரு பேச்ச நம்பாதீங்க," என்கிறார் ஆர்டிஸ்.

"காலு என்னோடதா, இவளோடதா?" வெர்லின் சிரித்துக்கொண்டே பெஞ்சில் உட்காருகிறார்.

மண்டியிட்டு இடது பூட்ஸை உருவுகிறேன். உள்ளே நுனியில், பெட்டியில் வரும்போதே திணித்திருந்த காகித உருண்டை. எடுக்க மறந்திருக்கிறேன். அதில் விரல்கள் ஐந்தும் ஆழப் பதிந்திருக்கின்றன.

ஆர்டிஸ் சட்டென்று அதை வாங்கித் தன் கோட்டுப் பைக்குள் திணிக்கிறார். பிறகு குனிந்து, கம்பளிக் காலுறையோடு கணவரின் கால் பெருவிரலைப் பிடித்து, தன் நகம் வெளுக்கும்வரை கிள்ளுகிறார்.

வெர்லின் அலமாரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"தம்பி, அந்தப் பழுப்பு ஜோடியையும் ஒரு தடவ போட்டுப் பாத்துடட்டுமா?"