பத்தாம் வகுப்பு ‘பி’ பிரிவின் நற்செய்திகள்

பத்தாம் வகுப்பு ‘பி’ பிரிவுப் பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரும் கையால் எழுதி வருடக்கணக்காகிறது. அவரவர் வாழ்க்கையைப் பார்த்து அவரவர் கைபேசியே சேதி போட்டுவிடும். அதற்குத் துக்கம் மட்டும் எழுத வராது. தணிகாசலத்துக்கு வேலை போனபோது ‘சுதந்திரப் பறவை’ என்று போட்டது. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபோது, ‘வாரம் மூன்று நாள், எனக்கே எனக்கான நேரம்’ என்றது. முப்பத்தெட்டு இதயங்கள் விழுந்தன. படித்த அவருக்கே தன் மேல் பொறாமையாக இருந்தது.

திங்கட்கிழமை டயாலிசிஸ் அறையில் கையில் ஊசியோடு அசந்து கிடந்தார். பக்கத்துப் படுக்கைக்கு ஷிப்ட் மாறி வந்தவர் உற்றுப் பார்த்தார்.

“டேய், தணிகாசலமா?”

கடைசி பெஞ்சு மரியசெல்வம்!

“நீ ஏதோ படகு வீட்டுல ஓய்வெடுக்கறதா இல்ல பாத்தேன்? இதயம்கூடப் போட்டேனேடா,” என்றார் தணிகாசலம்.

“இதாண்டா அந்தப் படகு வீடு. இதயம் நீயா போட்ட?”

“இல்ல, போன்தான்.”

இருவரும் குலுங்கிச் சிரித்ததில் மிஷின் அலறியது. கையை ஆட்டக்கூடாதென்று நர்ஸ் வந்து அதட்டினார்.

அதற்குள் கைபேசி சேதி போட்டிருந்தது: ‘சொகுசு அறையில் பள்ளித் தோழர்கள் சந்திப்பு!’ இதயங்கள் விழத் தொடங்கின. தணிகாசலம் அலுத்துப்போய், அதன் கீழே ஒற்றை விரலால் தட்டினார்: “டயாலிசிஸ். நாலு மணி நேரம். இத்தனை நாளா பேச ஆள் இல்லாம கிடந்தேன்.”

இதயங்கள் நின்றன. வெகுநேரம் கழித்து, பள்ளியில் எப்போதும் முதல் மதிப்பெண் வாங்கிய வாசுகியிடமிருந்து ஒரு பதில் வந்தது.

“நான் செவ்வாய், வியாழன், சனி. உங்க ஷிப்ட்டுல படுக்கை காலியிருக்காப்பா?”