கம்பெனி பஸ்ஸில் ஓட்டெடுப்பு

மண்ணூர் தாண்டியதும் கம்பெனி பஸ்ஸில் விவாதம் சூடு பிடித்தது.

“என் உடம்பு, என் இஷ்டம். வூட்ல குந்திகினு கஞ்சா இழுத்தா கவர்மெண்டுக்கு இன்னா போச்சு?” என்றான் வெல்டர் டெனிசன்.

“இழுத்துட்டு என் பக்கத்து மெஷின்ல வந்து நிப்பியே, அப்போ போறது என் கைதானே?” என்றாள் பிரவீனா.

“பொறுப்பானவன் வேலை நேரத்துல தொட மாட்டான்மா. அதுக்கு எதுக்குச் சட்டம்?”

ஓட்டெடுப்பு நடந்தது. கஞ்சாவுக்குத் தடை வேண்டாம் என்று முப்பது கைகள் உயர்ந்தன. தடை வேண்டும் என்றது பிரவீனாவின் ஒரு கைதான்.

டிரைவர் சுப்பன் கண்ணாடி வழியே எல்லோரையும் பார்த்துச் சிரித்தார்.

“ரொம்ப தேங்க்ஸ்பா. இத்தினி நாளா பயந்து பயந்து இழுத்துகினு இருந்தேன். இன்னிக்குக் காலைல கூட ரெண்டு.”

முப்பது கைகளும் முன் சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்தன.

“அண்ணே, ஓரமா நிறுத்துங்க!” என்று அலறினான் டெனிசன். முப்பது பேரும் இறங்கி, வெயிலில் கம்பெனி இருக்கும் ஒரகடத்தை நோக்கி நடந்தார்கள்.

பிரவீனாவும் பையை எடுத்தாள்.

“நீ குந்தும்மா, நான் பீடி கூடத் தொட்டதில்ல,” என்றார் சுப்பன். “கையத் தூக்கி உன்னைத் தோக்கடிச்சவங்க, இப்போ காலால உனக்கு ஓட்டு போட்டுகினு போறாங்க பாரு.”