பன்னிரண்டாவது கட்டடம்

பின்பக்க மாடிப்படிக் கதவின் பூட்டு தரையில் உடைந்து கிடந்தது. நெருப்பணைக்க வந்தவர்கள் அடித்த ஒரே அடியில் கழன்று விழுந்துவிட்டதாம்.

தீயணைப்புத் துறை ஆய்வாளர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று வாரத்துக்கு முன்பு இதே பூட்டை இழுத்துப் பார்த்தவர்தான். திருட்டுப் பயத்தில் கட்டடத்துச் சொந்தக்காரர் போட்ட பூட்டு. சாவியும் அவர் வீட்டில்.

அன்றைக்கு ஆய்வாளருக்குப் பார்க்க மட்டும்தான் அதிகாரம். முதல் சுற்றில் பன்னிரண்டு குடியிருப்புகளையும் பார்த்து, எதற்கு ஆபத்து அதிகம், எதற்கு முதலில் போவது என்று வரிசை எழுதிக் கொடுக்க வேண்டும். பூட்டை உடைப்பதெல்லாம் குழுவோடு போகிற இரண்டாம் சுற்றில்தான். நாளுக்கு ஒரு கட்டடம்.

இந்தக் கட்டடம் வரிசையில் பன்னிரண்டாவது. நெருப்புப் பிடித்தது பத்தாம் நாள்.

அன்றைக்கு மூன்றாம் மாடி அக்காதான் அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். முன்பக்கப் படியெல்லாம் சைக்கிள், பழைய மெத்தை, காலி சிலிண்டர். ஒருக்களித்துத்தான் ஏற முடிந்தது. அக்காவின் மாமனார் கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

“தம்பி, நான் கீழ இறங்கக் கால் மணி நேரம் ஆகும். நெருப்பு மேல வர அஞ்சு நிமிஷம். யார் ஜெயிப்பான்னு பந்தயம் கட்டுறீங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். ஆய்வாளரும் சிரித்தார். சிரித்த வாயோடு, “முதல்ல உங்க கட்டடம்தான் அக்கா” என்று வாக்கும் கொடுத்துவிட்டு வந்தார்.

இப்போது அவர் எழுதிய பட்டியலைக் கையில் மடித்துப் பிடித்தபடி மேலதிகாரி வந்து பக்கத்தில் நின்றார்.

மேலதிகாரி லேசுப்பட்ட ஆள் இல்லை. “மேல இருக்கிறதெல்லாம் சிபாரிசு. கீழ ஒளிச்சு வெச்சிருக்கிறதுதான் சரக்கு” என்பார். யார் பட்டியல் கொடுத்தாலும் கடைசியிலிருந்துதான் வேலையைத் தொடங்குவார். ஆறு வருஷமாக ஆய்வாளரின் பட்டியலுக்கும் அதே மரியாதைதான். ஆய்வாளர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. துணிக்கடைக்காரர் மகன், பேரம் பேசுகிறவரிடம் கோபித்துக்கொள்ளாத குடும்பம். அலுவலகத்தில் அவருக்கு ‘பொறுமைசாலி’ என்றே பெயர்.

அந்தப் பொறுமை மேலதிகாரியின் மனசை உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. இந்த முறை எல்லோரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, பட்டியலைத் திருப்பாமல் அப்படியே கையெழுத்துப் போட்டார்.

“இத்தனை நாளா உன்னைச் சந்தேகப்பட்டுட்டேன்யா. இனிமே நீ எழுதினதுதான் வரிசை.”

எல்லோரும் கை தட்டினார்கள். ஆய்வாளர் எழுந்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். “நன்றி சார்” என்று உட்கார்ந்துவிட்டார்.

முதல் நாள் போன கட்டடத்தில் தீயணைப்பான்களின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. அங்கே நெருப்பே அனுமதி கேட்டுக்கொண்டுதான் நுழைய வேண்டும். இரண்டாம் நாள் கட்டடம் அதற்குத் தம்பி. குழு போய் டீ குடித்துவிட்டுத் திரும்பியது.

ஒவ்வொரு சாயங்காலமும் ஆய்வாளர் மேலதிகாரியின் அறை வாசல் வரை போனார். இத்தனை வருஷம் தாக்குப்பிடித்த கட்டடம், இன்னும் பத்து நாள் தாங்காதா என்று தன்னோடு தானே பேரம் பேசிவிட்டுத் திரும்பினார். பத்து நாள் எட்டாயிற்று, எட்டு ஐந்தாயிற்று. பேரம் நாளுக்கு நாள் சுலபமாகிக்கொண்டே வந்தது.

இப்போது அக்கா படியிறங்கி வந்தார். கையில் மாமனாரின் கைத்தடி. நெருப்புப் பிடித்தது, வீட்டில் அவரைத் தவிர எல்லோரும் வேலைக்குப் போயிருந்த நேரம்.

“இந்தக் கதவுகிட்டதான் கிடந்துச்சாம் தம்பி.”

அப்படியானால் பெரியவர் மூன்று மாடியையும் இறங்கியிருக்கிறார். நெருப்பை முந்திக்கொண்டு கதவு வரைக்கும் வந்துவிட்டார். பந்தயத்தில் அவர்தான் ஜெயித்திருக்கிறார். மீதியைப் புகை பார்த்துக்கொண்டது.

மேலதிகாரி ஆய்வாளரின் தோளில் கை வைத்தார்.

“மனசைத் தளர விடாதய்யா. வழக்கம்போல நான் திருப்பியிருந்தா இது முதல் நாளே வந்திருக்கும். நீ கடைசியில போட்டது தப்பாப் போச்சு. நீயும் மனுஷன்தானே.”

அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

“கடைசியிலயா? முதல்ல எங்களுதுன்னு இவர் சொன்னாரே?”

கேட்ட குரலில் கோபம் இல்லை. தான்தான் தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்ற தயக்கம்தான் இருந்தது.

ஆய்வாளர் எதுவும் பேசாமல் இருந்துவிடலாம். தப்பாகக் கணித்தவன் என்று ஒரு பெயர் வரும், அவ்வளவுதான். அதற்கான மன்னிப்பும் தோளில் கையாக வந்து உட்கார்ந்தாயிற்று.

“அக்கா சரியாத்தான் கேட்டிருக்காங்க, சார்” என்றார். “எப்படியும் நீங்க திருப்பிடுவீங்கன்னு, உங்களுக்குக் கொடுக்கிற பட்டியலை நான் எப்பவுமே தலைகீழாத்தான் எழுதுவேன். ஆறு வருஷமா.”

தோளில் இருந்த கை இறங்கியது.

மேலதிகாரி தாளைப் பிரித்தார். கட்டைவிரலைக் கடைசி வரியில் வைத்து, ஒவ்வொரு கட்டடமாக மேலே நகர்த்திக்கொண்டு போனார். பிளாஸ்டிக் உறை பிரிக்காத கட்டடத்தில் போய் விரல் நின்றது.

வரிசையில் ஒரு தப்பும் இல்லை.