ரங்கூன் சோணையின் முதல் சரக்கு

ரங்கூன் குண்டுவீச்சுக்குத் தப்பிய சோணை, மனைவி ஜெயக்கொடியின் ஊரான மதுரைக்கு முதன்முதலாக வந்தது ஓர் ஐப்பசியில். வந்த வாரமே, கோரிப்பாளையத்தில் சரக்கு ஏற்றும் தொழில் தொடங்கப் போவதாக அவள் அண்ணன் மலையாண்டியிடம் சொன்னான்.

மலையாண்டி மாட்டுவண்டிக்காரன். "எங்களுக்கே பாரம் கிடைக்கல மாப்ள. மாடு வாங்கியாச்சா?"

"மாடு எதுக்கு மச்சான்? தீனி போட்டு மாளாது."

"அப்ப லாரியா? பெட்ரோலுக்கு எங்க போவீக?"

"அதுவும் வேணாம். பாலத்துல உங்க வண்டிக எல்லாம் முட்டி மோதுதே, அந்தத் தொல்லையும் எனக்கு இல்ல."

ஜெயக்கொடியின் வளையல்களை விற்று மரம் வாங்கி, ஒரு கொட்டகை போட்டு வேலையை ஆரம்பித்தான். கண்பட்டுவிடும் என்று கொட்டகைக்குள் யாரையும் விடவில்லை. தானும் வெளியே தலைகாட்டாமல் இழைத்துக்கொண்டே இருந்தான். பங்குனியில் வேலை முடிந்தது.

"மச்சான், உங்க வண்டியக் கொண்டாங்க. இதை ஆத்தங்கரையில இறக்கணும்."

பாயால் மூடியிருந்ததை நாலு பேர் முக்கி முனகித் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். "எம்புட்டுக் கனம்!" என்றான் மலையாண்டி.

வைகைக் கரை வந்ததும் சோணை பெருமையோடு பாயை உருவினான். உள்ளே புத்தம்புதுப் படகு.

பிறகுதான் ஆற்றைத் திரும்பிப் பார்த்தான். ஐப்பசியில் இரு கரையும் தொட்டு ஓடிய வைகையில் இப்போது வெறும் மணல். நடு ஆற்றில் ஒரு கிழவி வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டிருந்தாள்.

மலையாண்டி தொண்டையைச் செருமினான். "இறக்கவா மாப்ள?"

"வேணாம், வண்டியைத் திருப்புங்க மச்சான்" என்றான் சோணை. "நான் தொழில் செய்யிற வரைக்கும் உங்களுக்குப் பாரத்துக்குப் பஞ்சமே வராது."