அருவிச் சத்தத்துக்குள் ஒரு குரல்

பிரபலமான ஒரு சாகசப் பட வரிசையின் மூன்றாம் பாகத்து இசை ஆல்பம் காலையில் வெளியானது. ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே அமளி.

"சண்டை மியூசிக் எல்லாம் அட்டகாசம்! ஆனா அந்தக் கடைசி டிராக் எதுக்கு? யாரோ ஒரு பொம்பள சும்மா ஹம் பண்ணுது. கொட்டாவிதான் வருது."

"நம்ம பெருசு பண்ண வேலைதான். அதையும் ஆல்பத்துல சேருங்கன்னு மியூசிக் கம்பெனிக்காரனுக்கு மெயில் மேல மெயில் போட்டு உயிரை வாங்கிட்டாரே!"

"ஏன் பெருசு, படத்துல அருவிச் சத்தத்துல அது காதுலயே விழாது. அதுக்குப் போய் ஒத்தக்கால்ல நின்னீங்களே?"

குழுவில் 'பெருசு' என்று பெயர் வாங்கியிருந்த அவர், கண்ணாடியை மாட்டிக்கொண்டு தட்டச்சு செய்தார்.

"காதுல விழலன்னுதான்பா கேட்டேன்" என்று பதில் போட்டுவிட்டு, போனை ஸ்பீக்கரோடு இணைத்து, அந்தக் கடைசி டிராக்கைப் போட்டார்.

பாடுவதற்கு முன் இழுக்கும் மூச்சுகூடத் தெளிவாகக் கேட்டது. கோரஸில் பத்தோடு பதினொன்றாகவே பாடிக் காலம் தள்ளிய அவர் மனைவி, தனியாகப் பாடியது அந்த ஒன்றுதான். அவள் இறந்த பிறகு, அந்த வீட்டில் அவள் குரல் கேட்பது அதுவே முதல் தடவை.

சமையலறைவரை கேட்கட்டும் என்று அவர் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.