குணம் பார்க்கும் விளக்கு

என் மகள் அமுதினி நூற்றுக்கு நூறு வாங்கியவள். அந்த மதிப்பெண் எல்லாப் பிள்ளைகளிடமும் இருக்கிறது என்று சொல்லி, இடம் கொடுக்குமுன் குணத்தை அறிவதற்காக, அவள் விண்ணப்பித்த பல்கலைக்கழகம் எங்கள் கூடத்துச் சுவரில் ஒரு கேமரா வைத்தது. அது பார்த்துக்கொண்டிருக்கும் வரை அதில் சிவப்புப் புள்ளியாய் ஒரு விளக்கு எரியும்.

கூடத்தில் பக்கவாதத்தில் கிடக்கும் தன் அப்பாவின் கட்டில் பக்கமே வராதவள், அன்று முதல் தானே கஞ்சி ஊட்டினாள், வாய் துடைத்துவிட்டாள். அவர் முகத்தில் சிரிப்பு திரும்பியது. பேச்சும் மெல்ல வந்தது.

இன்று மதியம் அவள் பள்ளியில் இருந்தபோது, கண்காணிப்பு முடிந்தது என்று என் போனுக்குச் செய்தி வந்தது. விளக்கு அணைந்துவிட்டது. இனி அவள் இவருக்கு ஊட்டுவாளா? நெற்றியிலிருந்த சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, விளக்கு எரிந்த இடத்தில் ஒட்டினேன்.

மாலையில் வந்தவள் சுவரைப் பார்த்தாள். கஞ்சியோடு கட்டிலில் உட்கார்ந்தாள்.

"எம்பொண்ணு குடுத்தாத்தான் எறங்குது" என்றார் அவர், குழறலாக.

"பேசாம வாயத் தொறங்கப்பா" என்று சிரித்தபடி ஸ்பூனை நீட்டியவள், என் பக்கம் திரும்பினாள். ஸ்பூன் பாதியில் நின்றது.

"ஏம்மா, நெத்தியில பொட்டு எங்க?"